சுவாலைக்கு அஞ்சாத கிண்ணம் எது?

கடந்த ஆண்டிலே ஒரு மாலைப் பொழுது. யாழ்ப்பாணத்தில் எமது தமக்கையார் வீட்டிற் பேரப்பிள்ளைக்கு ஐந்தாவது பிறந்தநாள். கொழும்பிலே படிக்கும் எமது பெறாமகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். பிரெஞ்சு நாட்டு இனிப்பொன்றைத் தானே செய்து எல்லோரையும் வியக்க வைப்பதாகச் சொல்லியிருந்தாள். முட்டை மஞ்சட் கருவும் பாலேடும் சீனியும் சேர்த்து அவித்த கஸ்டர்ட், கண்ணாடிக் கிண்ணம் ஒன்றிலே முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டிக்குட் சென்றுவிட்டது. கிண்ணமோ தமக்கையாரின் திருமணத்துக்கு அன்பளிப்பாக வந்தது. முப்பது ஆண்டுகளாக அலுமாரியில் அழகுக்கு இருந்தது.

விருந்தினர் சூழ்ந்து நிற்க, பெறாமகள் கஸ்டர்டின் மேற் சீனியைத் தூவி, ‘கிச்சன் டோர்ச்’ எனக் கடைகளில் விற்கப்படும் சிறிய சுவாலைக் கருவியைப் பற்றவைத்தாள். சீனி உருகிற்று, பொன்னிறம் பரவிற்று, பிள்ளைகள் கைதட்டினார்கள். நீலச் சுவாலை கிண்ணத்தின் விளிம்பைத் தடவிய அடுத்த கணம் ‘படார்’ என்றொரு சத்தம். கிண்ணம் இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் மேசையிற் சரிந்தது. நல்வேளை, எவருக்கும் காயமில்லை.

அதன் பின் நிகழ்ந்ததே எம் மனத்தை இன்றும் உறுத்துவது. தமக்கையார் கவலையோடு எம்மைப் பார்த்து, “தங்கச்சி, மேலாலை வழிச்சுப்போட்டு அடியிலை இருக்கிறதைப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமே? பன்னிரண்டு முட்டையெல்லே போட்டது!” என்றார். நாமும் ஒரு கணம் தயங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை. பெறாமகள் ஒன்றும் பேசாமல் அடியிலிருந்து ஒரு கரண்டி கஸ்டர்டை எடுத்து மின்விளக்கின் கீழே பிடித்தாள். மஞ்சள் நிறக் குழைவின் நடுவே ஊசிமுனை போன்ற ஒரு சில்லு பளிச்சிட்டது. எவரும் மறுவார்த்தை பேசவில்லை. அனைத்தும் தோட்டத்துக் குழிக்குட் சென்றன. இரண்டு நாட் கழித்து, மேசையிலிருந்து எட்டு அடி தள்ளி வாசற்படியோரத்தில் இன்னொரு சில்லைத் தமக்கையார் பெருக்கி எடுத்தார்.

பிழை யாருடையது? சமைத்தவளுடையதன்று, சுவாலையுடையதுமன்று. எந்தப் பாத்திரம் எதற்கு ஏற்றது என்று ஆராயாதிருந்த எம் அனைவருடையதுமாகும். இத்தகைய சுவாலைக் கருவிகள் இப்பொழுது நம் ஊர்களிலும் பல வீடுகளுக்கு வந்துவிட்டன. ஆகவே, இவ்விடயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது இல்லத்தரசிகளுக்கும் மாணவருக்கும் பயன் தரும் என நம்புகின்றோம்.

எரித்த பாலேட்டின் வரலாறு

இவ்வினிப்புக்குப் பிரெஞ்சு மொழியிலே ‘கிரெம் புருலே’ என்று பெயர். ‘எரித்த பாலேடு’ என்பது அதன் பொருள். பிரெஞ்சுச் சமையற்கலைஞராகிய பிரான்சுவா மசியாலோ 1691ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இப்பெயரோடு ஒரு செய்முறை காணப்படுகின்றது. அக்காலத்தில் வாயுச் சுவாலை ஏது? நெருப்பிலே செக்கச் சிவக்கக் காய்ச்சிய இரும்புத் தகட்டைச் சீனிக்கு மேலே பிடித்துத்தான் அதனைக் கருக்கினார்கள்.

ஸ்பெயின் தேசத்தின் கற்றலோனியப் பகுதியிலும் இதற்கொரு சகோதரி உண்டு. மார்ச் 19ஆம் நாள் வருகின்ற புனித சூசையப்பர் திருநாளிலே, ஆழமற்ற மண்சட்டிகளில் அதனைப் பரிமாறுவது அவர்களின் மரபு. இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துத் திரித்துவக் கல்லூரியும் இவ்வினிப்புக்குப் பெயர் பெற்றது. கல்லூரியின் இலச்சினையைக் காய்ச்சிய இரும்பினாலே மேற்சீனியிற் பதிப்பார்கள் என்று சொல்லப்படுகின்றது.

இம்மூன்று நாட்டாரிடமும் பொதுவாகக் காணப்படுவது ஒன்றுண்டு. இரும்பின் சூடு மேலிருந்து சீனியின் மீதே இறங்கிற்று. பாத்திரத்தின் விளிம்பைச் சுவாலை நக்கவில்லை. கைக்கு அடக்கமான வாயுக் கருவி வந்தபின்னரே இந்த ஆபத்து வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

கண்ணாடி ஏன் வெடிக்கின்றது?

பொருள்கள் சூடேறும்போது விரிவடையும் என்பதைச் சிறு வகுப்பு மாணவரும் அறிவர். கிண்ணம் முழுவதும் ஒரே சீராகவும் மெதுவாகவும் சூடேறினால் எல்லாப் பகுதியும் ஒன்றாக விரியும், தீங்கில்லை. ஆனாற் சுவாலை ஓரிடத்தை மாத்திரம் சில விநாடிகளிற் சுடச் செய்கின்றது. சுட்ட இடம் விரிய முயல்கின்றது. அடுத்துள்ள குளிர்ந்த இடமோ அசையாதிருக்கின்றது. விரியும் பகுதி அக்குளிர்ந்த பகுதியை இழுக்கின்றது. நெருக்குதலைத் தாங்குவதிற் கண்ணாடி வல்லது; இழுவையைத் தாங்குவதிலோ மிகவும் மெலிந்தது. பழைய கீறல் ஒன்று அங்கிருக்குமாயின் அதுவே பிளவின் வாயிலாகிவிடும்.

உலோகத்துக்கு இத்துன்பமில்லை. அலுமினியம் கண்ணாடியைவிட ஏறத்தாழ 200 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. ஓரிடத்துச் சூட்டை அது உடனே எங்கும் பகிர்ந்துவிடும். அன்றியும், உலோகம் வளைந்து கொடுக்கும், கண்ணாடி வளைவதில்லை.

கண்ணாடியிலும் இனங்கள் உண்டு. போத்தல், குவளை, யன்னற் கண்ணாடி ஆகியன சோடாச் சுண்ணக் கண்ணாடியாலானவை. 10 சென்ரிமீற்றர் அகலமுள்ள அத்தகைய கண்ணாடியை 100 பாகை செல்சியசு சூடேற்றினால் ஏறத்தாழ 0.09 மில்லிமீற்றர் விரியும். போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியோ அதே அளவு சூட்டுக்கு 0.03 மில்லிமீற்றர் அளவே விரியும். விரிவு மூன்றிலொரு பங்காகும்போது இழுவையும் அவ்வாறே குறைகின்றது.

இக்கண்ணாடியின் கதை சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜேர்மன் நாட்டு யேனா நகரிலே ஓட்டோ ஷொட் என்னும் அறிஞர் மணலோடு போரன் சேர்மங்களைக் கலந்து இதனை ஆக்கினார். அமெரிக்காவிலே இரயில் சைகை விளக்குகளின் சுடுகண்ணாடி மீது மழையும் பனியும் பட்டு அடிக்கடி வெடித்தமையால், கோர்னிங் என்னும் கண்ணாடி நிறுவனத்தார் இவ்வகைக் கண்ணாடியை வார்த்தனர். அங்கு பணிசெய்த ஜெசி லிட்டில்டன் என்னும் அறிஞர், மின்கலத்துக்கான கண்ணாடிச் சாடியொன்றின் அடிப்பாகத்தை அறுத்துத் தம் மனைவியிடம் கொடுத்தார். அம்மையார் அதிலே கேக் வேகவைத்து அனுப்பினார். அதன் பயனாக 1915ஆம் ஆண்டிலே ‘பைரெக்ஸ்’ பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. ஆராய்ச்சிசாலைக் கண்ணாடி அடுக்களைக்கு வந்தது ஓர் இல்லத்தரசியின் கைவண்ணத்தாலன்றோ!

ஆயினும் இப்பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. இன்று அதே பெயரோடு அமெரிக்காவில் விற்கப்படும் சமையற் பாத்திரங்கள், வன்மைப்படுத்திய சோடாச் சுண்ணக் கண்ணாடியாலானவை. ஐரோப்பாவிற் செய்யப்படுபவை போரோசிலிக்கேற்று. எதுவாயினும், நேர்ச் சுவாலையையும் மேலிருந்து காயும் கிரில் சூட்டையும் காட்டவேண்டாம் என்பதே செய்தவர்களின் அறிவுரை.

“பாடசாலை ஆய்கூடத்திற் சோதனைக்குழாயைச் சுவாலையிலே பிடிக்கின்றோமே!” என மாணவர் வினவக்கூடும். நல்ல வினா. சோதனைக்குழாயின் சுவர் மெல்லியது. உட்புறமும் வெளிப்புறமும் விரைவாக ஒரே சூட்டை அடைகின்றன. குழாயை நாம் ஆட்டிக்கொண்டே இருக்கின்றோம். தடித்த முகவையை நேர்ச் சுவாலையில் வைக்காமற் கம்பிவலையின் மீது வைப்பதும் இதனாலேயே. அடுக்களைக் கிண்ணமோ தடித்த சுவருடையது; குளிரிலிருந்து வந்தது. அது சோதனைக்குழாயின் நிலையில் இல்லை.

எதை எடுக்கலாம், எதை விலக்கலாம்?

முதலாவது, பீங்கான். 1,200 பாகைக்கு மேற்பட்ட சூளையிற் சுட்டெடுத்த, தடித்த, வெண்மையான சிறு கிண்ணங்களே இவ்வினிப்புக்குப் பெரும்பாலோர் பயன்படுத்துபவை. நம் நாட்டிலும் பொரலஸ்கமுவையில் வெண்களியும், மாத்தளையிற் களிக்கல்லும் கிடைக்கின்றன. மாத்தளையிலும் தங்கொட்டுவையிலும் பீங்கான் செய்யும் தொழிற்சாலைகள் உள்ளன. ஆனால் எல்லாப் பீங்கானும் சுவாலைக்கென ஆனதன்று. தேநீர்க் கோப்பையின் மெல்லிய பீங்கான் வேறு. போறணையில் வைக்கவென்றே செய்த கிண்ணம் வேறு. பொன் விளிம்பு போட்டது வேண்டவே வேண்டாம். சுவாலை பட்டாற் பொன் கருகும்.

இரண்டாவது, கற்பாண்டம் எனப்படும், உயர்ந்த சூட்டிற் சுட்ட கெட்டியான மண்கலம். போறணைக்கென விற்கப்படுபவை இதற்கு ஏற்றவை.

மூன்றாவது, நம் வீட்டு எவர்சில்வர்க் கிண்ணம். பார்வைக்கு எளியதாயினும் பாதுகாப்பில் இதுவே முதலிடம் பெறத்தக்கது. சுவாலை பட்டால் நீலமும் பழுப்புமாக நிறம் மாறலாம், ஒருபோதும் சிதறாது. ஆனால் விளிம்பு விரைவிற் சுடும். பிள்ளைகளின் கையிற் கொடுக்குமுன் ஐந்து நிமிடமாவது ஆறவிடுதல் வேண்டும். எனாமல் பூசிய இரும்புப் பாத்திரமும் சிதறாது. ஆனாற் பூச்சு உதிர்ந்திருப்பின் விலக்குக.

நான்காவது, சாதாரண மண்சட்டி. குறைந்த சூட்டிற் சுட்டதாகையால் அது நீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீர் சுவாலையில் ஆவியாகி, மேற்பூச்சைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடலாம். மேலும், பழைய வண்ணச் சட்டிகளின் மெருகுப் பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். கற்றலோனியர் மண்சட்டியைப் பயன்படுத்தினார்களே என்றால், அவர்களின் இரும்பு சீனியை மாத்திரமே தொட்டது என்பதை நினைவிற் கொள்க.

ஐந்தாவது, கண்ணாடி. போரோசிலிக்கேற்று எனினும், வன்மைப்படுத்தியது எனினும், சுவாலைக்கு வேண்டாம் என்பதே எம் முடிவு. வன்மைப்படுத்திய கண்ணாடி உடையும்போது துண்டு துண்டாகச் சிதறுவது. குவளை, பழக்கிண்ணம், ஐஸ்கிறீம்க் கிண்ணம் ஆகியவற்றை அருகிலும் கொண்டுவரலாகாது.

ஆறாவது, ‘மெலமைன்’ கோப்பைகளும் பிளாஸ்டிக்கும். பார்வைக்குப் பீங்கானைப் போலிருக்கும் மெலமைன் உண்மையிலே பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்தது. சுவாலையிற் கருகி நஞ்சான புகையை விடும். ஐயமெழுந்தால் விரலாற் சுண்டிப் பாருங்கள். பீங்கான் மணிபோல் ஒலிக்கும். மெலமைன் மந்தமாக ஒலிக்கும். சிலிக்கன் அச்சு, ஒட்டாப் பூச்சுப் பாத்திரம், காகிதக் கிண்ணம், மெல்லிய அலுமினியத் தாட்கிண்ணம், தேங்காய்ச் சிரட்டை ஆகியவையும் விலக்கத்தக்கனவே.

அடியில் எழுதியிருப்பது என்ன?

வாங்கும்போது கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்றிருந்தால் அது சுவாலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘ஓவன் புரூஃப்’ என்பது, போறணையின் சீரான சூட்டைத் தாங்கும் என்று மாத்திரமே பொருள்படும். வீட்டுப் போறணை 250 பாகை அளவிற் காய்வது. வாயுச் சுவாலையோ 1,000 பாகையை எளிதிற் கடப்பது. ‘பிளேம் புரூஃப்’ என்றோ ‘புரொய்லர் சேஃப்’ என்றோ இருப்பின் அதுவே நாம் தேடுவது. ஒன்றும் எழுதியிராத கிண்ணத்தைச் சுவாலைக்கு ஆகாதது என்றே கொள்ளுதல் நன்று.

கையிலுள்ள கிண்ணத்தையும் ஆராய வேண்டும். வெளிச்சத்திலே பிடித்து மயிரிழை போன்ற வெடிப்புகளைத் தேடுங்கள். விரலாற் சுண்டும்போது முன்னர் கணீரென ஒலித்த பீங்கான் இப்பொழுது ‘டொக்’ என ஒலித்தால் உள்ளே பிளவு உண்டு. அதனைப் பூச்சாடிக்கு அடித்தட்டாக்கிவிடலாம்.

கிண்ணத்தின் வடிவம்

ஆழமான கிண்ணத்தைவிட அகன்றதும் ஆழமற்றதுமே சிறந்தது. 10 முதல் 12 சென்ரிமீற்றர் அகலமும் ஏறத்தாழ 2½ சென்ரிமீற்றர் உயரமும் பொருத்தமானவை. இதனால் ஒவ்வொரு கரண்டியிலும் மேலேடும் கஸ்டர்டும் அளவாகக் கிடைக்கும்.

இதனினும் முக்கியமான காரணமொன்றுண்டு. காகிதக் கிண்ணத்தில் நீரூற்றிச் சுவாலைமேற் பிடித்தாற் காகிதம் எரிவதில்லை என்பதை மாணவர் கண்டிருப்பர். நீர் உள்ளவரை சூடு 100 பாகையைத் தாண்டாமையே காரணம். கஸ்டர்டும் பெரும்பாலும் நீரே. ஆதலால் கஸ்டர்ட் தொட்டிருக்கும் சுவர்ப்பகுதி அளவுக்கு மீறிச் சூடாவதில்லை. அதற்கு மேலே வெறுமையாக நிற்கும் விளிம்புக்கே அக்காவல் இல்லை. எமது தமக்கையாரின் கிண்ணத்தில் விளிம்பு இரண்டங்குலம் வெறுமையாக நின்றது. ஆகவே, விளிம்புக்கு மிக அருகே வரை கஸ்டர்டை நிரப்புவதும் ஒரு பாதுகாப்பாகும்.

செய்யும் முறை

குளிர்ந்த கிண்ணத்தை எடுத்தவுடன் சுவாலை காட்டலாகாது. வெளிப்புறத்தில் வியர்த்திருக்கும் நீரைத் துடைத்து, உலர்ந்த பலகைமேற் கால் மணி நேரம் வைத்திருங்கள். பின்னர் உலோகத் தட்டத்தின் மேல் மாற்றுக. கீழே ஈரமோ, பிளாஸ்டிக் மேசைவிரிப்போ இருத்தல் கூடாது. சூடான கிண்ணத்தை ஈரக் கல்லின் மீதோ பனிக்கட்டி நீரிலோ வைப்பது, சூடேற்றுவதினும் கொடியது. திடீரெனக் குளிரும் மேற்பரப்புச் சுருங்கித் தானே பிளந்துவிடும்.

ஒரு கிண்ணத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரைத் தேக்கரண்டி சீனியைச் சீராகப் பரப்புங்கள். நம் காலநிலையிற் சீனி விரைவிற் கசியும். ஆகவே கடைசி நேரத்திலேயே தூவுக. சுவாலையை நான்கு விரற்கடை தூரத்திற் பிடித்து, நடுவிலிருந்து சிறு வட்டமாக நகர்த்திக்கொண்டே இருங்கள். விளிம்பை நோக்கித் திருப்ப வேண்டாம். ஓரத்துச் சீனி சற்று வெளிறியிருந்தாற் சுவை குறைந்துவிடாது. 170 பாகை அளவிற் சீனி பொன்னிறமாகும். அதைக் கடந்தாற் கசக்கும்.

கருவியில் நிரப்பும் பியூட்டேன் வாயு, காற்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பாரமானது. தாழ்ந்த இடத்திலே தேங்கி நிற்கும். எனவே அடுப்பு, விளக்கு யாதுமற்ற திறந்த வெளியிலேயே நிரப்ப வேண்டும். 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் நாட்டு அடுக்களைகளில் எரிவாயு வெடித்த செய்திகளை எவரும் மறந்திருக்கமாட்டார். சேலைத் தலைப்பைச் செருகி, கூந்தலை முடிந்து, பிள்ளைகளை நான்கு முழமாவது தள்ளி நிறுத்திய பின்னரே சுவாலையை மூட்டுக.

உருகிய சீனி தோலிற் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். அதை இழுத்தெடுக்க முயலாமல், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடித்திருங்கள். பற்பசையும் நெய்யும் பூசுதல் தவறு. பெரிய புண்ணாயின் வைத்தியரை நாடுக.

சுவாலையே இல்லாமல்

நல்ல கிண்ணம் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். தாய்ச்சியிலே சிறிது சீனியைத் தனியே உருக்கி, பொன்னிறமானதும் எண்ணெய் தடவிய உலோகத் தட்டிலே மெல்லிதாக ஊற்றுங்கள். ஆறி இறுகியதும் உடைத்துக் கஸ்டர்டின்மேல் வைத்துப் பரிமாறுங்கள். கரண்டி பட்டதும் ‘நறுக்’ என முறியும் அந்த இன்பம் சற்றும் குறையாது. இதற்குக் கண்ணாடிக் கிண்ணமும் ஆகும். ஆனாற் சூடான பாகை நேரே அதில் ஊற்றிவிடாதீர்கள்.

இறுதியாக ஒரு சொல்

எத்துணை கவனமாயிருப்பினும் கிண்ணம் ஒருகால் உடைந்துவிட்டால், அதிலுள்ளதை மாத்திரமன்றி, அருகிலே திறந்திருந்த பண்டங்களையும் எறிந்துவிடுங்கள். வடிகட்டியோ வழித்தோ காப்பாற்ற எண்ணாதீர்கள். பண்டத்தை வீணாக்கலாகாது என்பது நம் முன்னோர் கற்பித்த நல்லொழுக்கமே. ஆனால் அவ்வொழுக்கம் பிள்ளையின் தொண்டையைக் கடந்து செல்லக்கூடாது.

இவ்வாண்டும் அதே பிறந்தநாள் வந்தது. பெறாமகள் மீண்டும் அவ்வினிப்பைச் செய்தாள். இம்முறை பன்னிரண்டு சிறிய எவர்சில்வர்க் கிண்ணங்களிலே. தமக்கையார் ஒவ்வொன்றையும் தம் விரலாற் சுண்டிப் பார்த்து, “இது வெடியாதோ பிள்ளை?” என்று கேட்டார். “வெடியாது அம்மா. ஆனால் கொஞ்சம் ஆறட்டும், பொறுங்கோ” என்றாள் மகள். ஆறு வயதுப் பிள்ளை அந்த ஐந்து நிமிடத்தையும் கடிகாரத்தைப் பார்த்தபடியே கழித்தான்.